பொழிக்கு இக்கரையும் அக்கரையும்

(மார்த்தாண்டத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி பாதி கடந்ததும் நம் பக்கத்தில் இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. நவம்பர் 1 அன்று நாகர்கோவிலில் இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி சிலைக்கு மாலை விழும். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள் அது. அதே காலையில் களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குப் போனால், பள்ளிக்கூடத்து முற்றத்தில் பிள்ளைகள் கசவு உடுத்திக் கேரளப் பிறவி கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். இக்கரையிலும் அக்கரையிலும் கொண்டாடுவது 1956ஆம் ஆண்டின் ஒரே நாளைத்தான். மறுநாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்றைக்கு இந்த எல்லை யாருக்கும் நினைவில் இருக்காது. நீரோடியிலிருந்து பொழியூருக்கும், பூவாரிலிருந்து தூத்தூருக்கும் மெழுகுவர்த்திக் கட்டும் பூவுமாக ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார்கள். அவரவருடைய இறந்தவர்கள் எந்த மண்ணில் கிடக்கிறார்களோ அங்கே போவார்கள்.

சென்ற ஆண்டு அந்த இரண்டு நாட்களையும் நடுவில் வைத்து நான் பூவாருக்குப் பயணம் போனேன். போனதற்கு இரண்டு காரணங்கள். என் தகப்பன் வழியும் தாய் வழியும் எங்கிருந்து வந்தன என்று தேட வேண்டும். கூடப் படித்து, வெவ்வேறு திசைக்குப் போய்விட்ட மூன்று நண்பர்களைப் பார்க்க வேண்டும். புறப்பட்டபோது இவை இரண்டும் தனித்தனி வேலைகள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நண்பர்கள் இல்லாமல் முதல் வேலை நடந்தே இருக்காது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு, அருவிப்புறம், நெய்யாற்றின்கரை வழியாக இறங்கிப் பூவாரில் கடலைத் தொடுகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதைப் பொழி என்போம். பொழிக்குத் தெற்கே பொழியூர், அதற்கும் தெற்கே கொல்லங்கோடு. இடையில் எங்கோ மாநில எல்லை ஓடுகிறது. எங்கே என்று கடற்கரையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. கிழக்கே உள்நாட்டில் பாறசாலை, செறுவாரக்கோணம், காரக்கோணம், பனச்சமூடு என்று அந்த எல்லை வளைந்து வளைந்து போகிறது.

1956க்கு முன்னால் இதெல்லாம் ஒரே திருவிதாங்கூர். தமிழ்நாட்டோடு இணைக்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோட்டோடு நெய்யாற்றின்கரையின் தென்பகுதியும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று இந்த மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் அதற்காகப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, மக்கள் செத்தார்கள். பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை கொடுத்தது. அதன்படி நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றது. அந்தப் போராட்டத்தை நான் மதிக்கிறேன். என் பாட்டாவும் அதில் இருந்தவர்தான். ஆனால் கோடு போட்டபோது நிலத்தோடு சேர்ந்து ஒரே குடும்பத்தின் தாள்களும் பிரிந்து போயின என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருவருடைய பிறப்பு ஒரு தாலுகாவில், நிலப் பிரமாணம் இன்னொரு தாலுகாவில். பழைய வரிக் கணக்கோ திருவனந்தபுரத்தில்.

பிரியாமல் நின்றவையும் இருக்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது. பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. புரட்டாசியில் நவராத்திரிக்காக அங்கிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். தூத்தூர் வட்டாரத்துக் கடலோரப் பங்குகள் இருப்பது தமிழ்நாட்டில். அவை சேர்ந்திருப்பது திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தோடு. என்னைப் போலத் தேடப் போகிறவர்கள் இந்தப் பழைய தடங்களைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இன்றைய மாவட்ட வரைபடம் நம்மைப் பாதியில் விட்டுவிடும்.

தகப்பன் வழியில் நான் கடற்கரைக்காரன். 1544 கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரை வழியே நடந்து முக்குவர் ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அந்த ஊர் வரிசை வடக்கே பூவாரில் தொடங்கித் தெற்கே பள்ளத்தில் முடிகிறது. பத்தாயிரம் பேர் என்ற எண் உலகத்துக்கு எட்டியது. ஒருவர் பெயராவது எட்டியதா? இல்லை. பங்கு ஏடுகள் கையில் கிடைக்கிற காலத்துக்கு வரும்போதும் சிக்கல் தீரவில்லை. ஏட்டில் பெயர் லத்தீனில் இருக்கும். யாக்கோபு அங்கே யாக்கோபுஸ். ஒரே ஊரில் ஒரே பத்தாண்டில் இருபது யாக்கோபுகள், முப்பது மரியாக்கள். தகப்பன் பெயர் இருக்கும். அந்தத் தகப்பனும் இன்னொரு யாக்கோபுதான். குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது. வீட்டுப் பெயர் உண்டு, விளாகம் என்றும் புரையிடம் என்றும் முடிகிற பெயர். அதை எழுதுவதும் விடுவதும் அன்றைக்கு இருந்த உபதேசியாரின் விருப்பம்.

ஏட்டின் முன்னால் நான் திகைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் தூத்தூர்ப் பக்கத்து நண்பனுக்குப் போன் செய்தேன். கல்லூரியை முதலாண்டிலேயே விட்டுவிட்டுச் சுறா வேட்டைக்குப் போனவன் அவன். ஆழ்கடலில் வாழ்க்கையைக் கழித்தவன். மாலையில் வந்தான். பல ஆண்டுகள் பார்க்காதவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சு எதுவும் இல்லை. கையைப் பிடித்தான், விடவில்லை. “லே மக்கா, ஒனக்க பாட்டாக்க பேர பொஸ்தகத்துல தேடுனா கெடைக்குமா? கரமடியில தேடணும். வா” என்று பொழியூர்க் கடப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

அங்கே வள்ளத்தின் நிழலில் பெரியவர்கள் நால்வர் இருந்தார்கள். நண்பன் என்னை அறிமுகப்படுத்திய விதத்தைக் கேளுங்கள். என் பெயரைச் சொல்லவில்லை, வேலையைச் சொல்லவில்லை. என் பாட்டா எந்த வலையில் பங்காளியாக இருந்தார், கரையிலிருந்து இழுக்கும் கரமடி வலையில் அவர் பிடித்தது தெற்குக் கம்பாக் கயிறா வடக்குக் கம்பாக் கயிறா என்று தொடங்கினான். அவ்வளவுதான், வாசல் திறந்துகொண்டது. பாட்டா, அவருடைய தகப்பன், அவருக்குப் பெண் கொடுத்த வீடு, அந்த வீட்டில் கடலில் போனவர்கள் என்று நாலு தலைமுறை ஒரே மூச்சில் வந்தது. வலைப் பங்கு தகப்பனிடமிருந்து மகனுக்கும் மருமகனுக்கும் போகிறது. பங்கு நினைவிருந்தால் வம்சம் நினைவிருக்கும். ஏட்டிலிருந்த இருபது யாக்கோபுகளில் எங்கள் யாக்கோபு யார் என்று அந்த மாலையில் தெரிந்துவிட்டது. மறுநாள் ஏட்டைத் திரும்பத் திறந்து அவர் பெயரின் மேல் விரலை வைத்தேன்.

செட்டிநாட்டு நகரத்தாருக்கு ஒன்பது கோயில்கள் உண்டு. கல்யாணம் நடந்தால் அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கோயிலில் பதிவாவார்கள். ஹரித்துவாரில் பண்டாப் புரோகிதர்களிடம் போனால் உங்கள் முப்பாட்டன் வந்து கையெழுத்திட்ட பக்கத்தைக் காட்டுவார்கள். கடலோரத்தில் வம்சக் கணக்கு வைக்கும் அந்த வேலையைக் கரமடிப் பங்காளிகள் தலைக்குள் வைத்துச் செய்துவந்தார்கள். அலெக்ஸ் ஹேலி 1976இல் ‘ரூட்ஸ்’ எழுதியபோது, காம்பியாவில் வம்ச வரலாற்றை வாயால் சொல்லும் பெரியவரைத் தேடிப் போனதை உலகமே வியந்து படித்தது. நம் கரையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கரமடி இழுப்பது குறைந்துவிட்டது. அவர்களுக்கு வயதும் எண்பதைத் தாண்டிவிட்டது.

கல்லறைத் திருநாளன்று நண்பனுடைய ஊருக்குப் போனேன். திருப்பலி முடிந்து, இறந்தோருக்கான ஒப்பீசு மன்றாட்டு நடந்தது. கல்லறைகளில் திரி எரிந்தது. அவன் எந்தக் கல்லறைக்கும் போகவில்லை, கடலைப் பார்த்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி மணலில் குத்தி வைத்தான். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் அவன் அண்ணன் மகன் போனான், உடல் வரவில்லை. அடக்கம் நடந்தால்தான் அடக்க ஏட்டில் பெயர் ஏறும். கடலில் போனவர்களுக்குச் சான்றிதழ் வாங்குவதற்கே அந்தக் குடும்பங்கள் எவ்வளவு அலைந்தன என்று இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும். நூறு ஆண்டு கழித்து ஒருவர் இந்த ஊரின் ஏட்டைப் புரட்டினால் அந்தப் பிள்ளைகளை எங்கே காண்பார்? இதை நினைத்து நான் வருந்துகிறேன். பங்கில் இதற்கென்று ஒரு தனி ஏடு வைக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இரண்டாவது நண்பர் ஓய்வு பெற்ற மலையாள ஆசிரியர், பாறசாலைக்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘சார்’. எனக்கும் இப்போது அதுதான் வாயில் வருகிறது. எங்கள் வீட்டு மச்சில் ஒரு ஓலை கிடந்தது. தமிழ் போலவும் இருக்கும், மலையாளம் போலவும் இருக்கும், இரண்டும் தெரிந்த என்னால் ஓர் எழுத்தும் வாசிக்க முடியவில்லை. அது மலையாண்மை எழுத்து. வட்டெழுத்திலிருந்து வந்தது, திருவிதாங்கூரின் தென்பகுதியில் 19ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் மதிலகம் என்னும் கோயில் ஓலைகள் லட்சக்கணக்கில் சுருணை சுருணையாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை வாசிக்க இந்த எழுத்துத் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் மிகக் குறைவு. சார் பல ஆண்டுகளுக்கு முன்பே கோயில் ஓலைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்.

திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாற்றிப் போட்டு வாசித்தார். கொல்லம் 1042 மேடம். கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக்கும் கணக்கு எளிது. சிங்கத்தில் ஆண்டு பிறக்கும். டிசம்பர் கடைசி வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. ஆக 1867 ஏப்ரலோ மே மாதமோ. சில தென்னைகளும் ஒரு புரையிடமும் ஒற்றிக்கு வைத்த ஓலை. நான்கெல்லையில் ஓர் எல்லையாக, அரசு வெட்டிய தோடு சொல்லப்படுகிறது. அந்தத் தோடு எது? 1860இல் உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில் பூவாரிலிருந்து தெற்கு நோக்கி வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். கன்னியாகுமரி வரை கொண்டுபோகத் திட்டமிட்டார்கள். அவ்வளவு தூரம் போகவில்லை. இன்றைக்குப் பெரும்பகுதி தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. ஆனால் ஓலை எழுதியபோது அது ஏழு வயதுப் புத்தம்புதுத் தோடு. எங்கள் நிலம் அதன் கரையில் இருந்திருக்கிறது. ஒற்றிக்கு வைத்தவர் ஒரு பெண். என் பாட்டாவின் பாட்டி. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அந்த ஓலையை வாசிக்கும் வரை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

கொல்லம் ஆண்டைப் பற்றி இன்னும் ஒன்று. நம் பாட்டிமாருக்குப் பிறந்த தேதி தெரியாது, வெள்ளம் தெரியும். “தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல நான் ஆறு வயசுப் பிள்ளை” என்பார்கள். கொல்லம் 1099 கர்க்கடகத்துப் பெருவெள்ளம் 1924 ஜூலை, ஆகஸ்டில் வந்தது. ஆறைக் கழித்தால் 1918. கோயில் நுழைவுக்கான க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம் 1112 துலாம், அதாவது 1936 நவம்பர் 12. மாநிலம் பிரிந்தது 1132 துலாம். இந்த மூன்று ஆணிகளை அடித்துக்கொண்டால் ஒரு மூதாட்டியின் வாழ்க்கையை முழுக்க அளந்துவிடலாம். அவர் பேசும்போது குறுக்கே தேதி கேட்காதீர்கள். வெள்ளத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள்.

தாய் வழி பாறசாலைக்குக் கிழக்கே, பனையேறும் நாடார் குடும்பம். லண்டன் மிஷன் சபையில் சேர்ந்தவர்கள். அதன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தார்; நெய்யூரில் 1828இல் மிஷன் தொடங்கியது; பின்னர் பாறசாலையும் சபையின் ஒரு நிலையமாயிற்று. அந்தச் சபையின் அறிக்கைகள் லண்டனில் சோவாஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. நம் ஊர்க் குடிசைகளைப் பற்றிப் படிக்க லண்டன் போக வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. அந்தக் காலத்து அறிக்கைகளில், இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்விட்ட சபையாரைப் பற்றிய பேச்சு வரும். எங்கள் வீட்டிலும் ஒரு கிளை அப்படிப் போனது. 1869க்குப் பிறகு இலை நோய் விழுந்து காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. அவர்கள் மலையகத்திலேயே தங்கிவிட்டார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிக் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்குள் எங்கள் வீட்டாரும் இருந்திருக்க வேண்டும் என்று அம்மா சொல்வார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

மூன்றாவது நண்பர் தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டப்பேர், பட்டா எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரைப் பார்க்கப் போனது நிலக் கணக்குக்காக. சோறு போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி, எங்கள் மைனி, இலங்கை என்ற சொல் காதில் விழுந்ததும் நின்றுவிட்டார். “அண்ணே, கீரிப்பாறையில எங்க அம்மைக்க வீட்டுக்கு அடுத்த லைன்ல பாறசாலைக்காரங்கண்ணு சொல்லி ஒரு குடும்பம் இருந்துது. சிலோன்ல இருந்து வந்தவங்க. அவங்க அம்மை பாடுற கீர்த்தனை எல்லாம் இந்தப் பக்கத்து ராகம்” என்றார். கீரிப்பாறை அரசு ரப்பர் தோட்டத்தில் தாயகம் திரும்பியவர்கள் பலருக்கு வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். மறுநாளே போனோம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்களிடம் ஒரு பைபிள் இருந்தது. முன்பக்கத்தில் பிறந்தவர், இறந்தவர் பட்டியல். முதல் வரியில் என் அம்மாவின் பாட்டியுடைய தங்கை பெயர். நூறு ஆண்டுக்கு மேல் அறுந்து கிடந்த உறவு, சொந்த ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருந்திருக்கிறது. அலுவலகக் கணக்கு எதுவும் அதைச் சொல்லவில்லை, ஒரு மைனியின் காது சொன்னது. ஆண்களிடமே விசாரித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குப் பாதி வரலாறுதான் கிடைக்கும். அடுப்படிக்குப் போய்க் கேளுங்கள்.

கடைசியாக, இந்தப் பயணத்தில் என்னை மிகவும் அசைத்த ஒன்று. தோள்சீலைப் போராட்டம் இந்த அவையில் யாருக்கும் புதிதல்ல. 1859 ஜூலை 26 அரச விளம்பரத்தைச் சார் எடுத்துக் கொடுத்து, நிதானமாக வாசிக்கச் சொன்னார். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அதில் அனுமதி கொடுக்கிறார்கள். எப்படி மறைக்கலாம்? முரட்டுத் துணியை முக்குவத்திகள் சுற்றிக்கொள்வது போலச் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. வாசித்துவிட்டு நான் வெகுநேரம் பேசவில்லை. என் தாய் வழிப் பாட்டியும் தகப்பன் வழிப் பாட்டியும் ஒரே வாக்கியத்தில் நிற்கிறார்கள். ஒருத்தியின் உடைக்கு இன்னொருத்தியின் உடை எல்லை. இரண்டு பேரையும் ஒரே வரியில் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். என் அப்பாவும் அம்மாவும் ஆசிரியர்களாகி ஒரே பள்ளிக்கூடத்தில் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்னால், அந்த இரண்டு வீடுகளையும் முதன்முதலில் சேர்த்து எழுதிய தாள் இதுவாகத்தான் இருக்கும். வம்சம் தேடுவது பெருமைக்கு என்று நினைப்பவர்கள் இந்த விளம்பரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். அவமானத்தையும் சேர்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஓலையில் கண்ட அந்தப் பெண் எனக்கு முழு மனுஷியானாள். விளம்பரம் வந்து எட்டு ஆண்டுகளில் தன் பெயரில் நிலம் வைத்திருந்து ஒற்றி எழுதியவள் அவள்.

பூவாரில் மன்னர் மார்த்தாண்டவர்மாவுக்கு அடைக்கலம் கொடுத்த போக்குமூசா மரைக்காயரின் கதையை யாரும் சொல்வார்கள். நெய்யாற்றின்கரைக் கோயிலில் மன்னர் ஒளிந்த அம்மச்சிப் பிலாவை வேலி கட்டிக் காப்பாற்றினார்கள். அது நல்லதுதான். மன்னரை ஒளித்த மரத்துக்கு வேலி இருக்கிறது. நம் தாள்களுக்குக் கூரைகூட இல்லை. 2024 மார்ச் 31 அன்று கள்ளக்கடல் தென்கேரளக் கரையில் ஏறியது. காற்றும் இல்லை, மழையும் இல்லை; தெற்கே வெகுதொலைவில் கிளம்பிய அலை வீட்டுக்குள் வந்துவிட்டது. பொழியூர், கொல்லங்கோடு கரையில் கடலரிப்பு ஆண்டுதோறும் வீடுகளை எடுக்கிறது. வீடு போகும்போது மச்சில் இருக்கும் பெட்டியும் போகிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய ஓலையோ பிரமாணமோ ஞானஸ்நானச் சீட்டோ இருந்தால் லேமினேட் செய்துவிடாதீர்கள்; பிறகு அதைக் காப்பாற்ற முடியாது. ஓலைக்குத் தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். மலையாண்மை எழுத்தைக் கற்க விரும்பும் இளைஞர்கள் பத்துப் பேர் கிடைத்தால் மாதம் ஒருமுறை களியக்காவிளை தாண்டி வரத் தயார் என்று சார் சொல்லியிருக்கிறார். இதோ, மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் வாசலில் மேசை போட்டிருப்போம். பெயர் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம். ஓலையைக் கையோடு கொண்டுவந்தவர்கள் இன்றைக்கே அவரிடம் காட்டலாம். கடைசிப் பேருந்துக்குத்தான் அவர் போகிறார்.